பற்றரியை மாற்றினால் மழைக்காலம் தாங்குமா?

கேள்வி: கந்தப்பளையில் எங்கள் மரக்கறித் தோட்டத்துக் காவல் கொட்டிலில் 150 வோட் சோலார் பனல், 100 அம்பியர் மணி லெட் (ஈய) பற்றரி இருக்கிறது. ஜூன் மழையில் இரவு எட்டு மணிக்கே பல்ப் மங்கிவிடுகிறது. லித்தியம் போட்டால் சரியாகுமா?

பதில்: பாதி சரியாகும், தம்பி. லெட் பற்றரியில் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் குறையும். லித்தியம் இரும்பு பொஸ்பேட் வகைப் பற்றரியில் எண்பது சதவீதம் வரை தாராளமாக எடுக்கலாம். அரைகுறையாகச் சார்ஜ் ஆகிக் கிடந்தாலும் அதற்குக் கேடில்லை. லெட்டைக் கொல்வதே அதுதான். ஆனால் வராத வெயிலை எந்தப் பற்றரியும் கொண்டுவராது. காசு மட்டென்றால், நான் முதலில் இன்னொரு பனல்தான் வாங்குவேன்.

மாற்றுவதானால், பனலிலிருந்து பற்றரிக்குப் போகும் சார்ஜைக் கட்டுப்படுத்தும் கொன்ட்ரோலரைப் பாருங்கள். லித்தியம் செட்டிங் இருக்கவேண்டும். இல்லாவிட்டால், 12 வோல்ட் பற்றரிக்குச் சார்ஜ் அளவை 14.2 முதல் 14.4 வோல்ட்டுக்குள் வைத்து, 'ஈக்குவலைஸ்' என்பதை (லெட் பற்றரிக்காக இடையிடையே கூடுதல் வோல்ட்டில் சார்ஜ் செய்வது) நிறுத்திவிடுங்கள். பழைய லெட் பற்றரியோடு சேர்த்து இணைக்கலாம் என்று கடையில் யாராவது தலையாட்டினால் நம்பவேண்டாம். பற்றரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் போடுங்கள்.

அப்புறம் உங்கள் ஊர்க் குளிர். ஜனவரி, பெப்ரவரியில் பூப்பனி விழும் விடியலில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே போனால் லித்தியத்தைச் சார்ஜ் செய்யக்கூடாது. குளிரில் தானாகச் சார்ஜை நிறுத்தும் பாதுகாப்பு உள்ளதைக் கேட்டு வாங்கி, கொட்டிலுக்குள்ளே பலகைமேல் வையுங்கள்.