கேலிக்கும் முறை உண்டு

கேள்வி: பொங்கலுக்கு எங்கள் வீட்டில் முப்பது பேர் கூடுவோம். மூத்த மருமகள் கோயம்புத்தூர்ப் பெண். போன தையில் என் இளைய மகனும் நாத்தனார் மகனும் சேர்ந்து அவள் பேச்சையும் நிறத்தையும் கேலி செய்ததில், அவள் அடுக்களையை விட்டு வெளியே வரவே இல்லை. இந்த வருஷம் கேலியே கூடாது என்று சொல்லிவிடலாமா?
(ஒரு வாசகி, அம்பாசமுத்திரம்)

பதில்: வேண்டாம் அம்மா. கேலி இல்லாமல் முப்பது பேர் உட்கார்ந்து பனங்கிழங்கு உரித்தால் அது பொங்கல் வீடு மாதிரியா இருக்கும்? யார் யாரைக் கேலி செய்யலாம் என்பதை மட்டும் சரிசெய்யுங்கள்.

இளைய மகன் அவளுக்குக் கொழுந்தன். அவனுக்கு உரிமை உண்டு. நாத்தனார் மகன் கதை வேறு. உங்கள் மூத்த மகனுக்கு அவன் மச்சான் என்றால், இவளுக்கு அண்ணன் முறை. அவன் தங்கைக்காகப் பதில் பேச வேண்டியவன். எதிர்க்கட்சியில் போய் உட்கார்ந்துகொண்டால் அந்தப் பெண்ணுக்கு அங்கே யார் இருக்கிறார்கள்? அவனைத் தனியாகக் கூப்பிட்டு இதைச் சொல்லுங்கள், புரிந்துகொள்வான்.

நிறம், குழந்தை, சம்பளம், பிறந்த வீட்டுச் சீர் இவற்றைத் தொடவே கூடாது. இதில் நான் யாருக்கும் சலுகை தர மாட்டேன். பேச்சு வழக்கு பரவாயில்லை, ஏனென்றால் நம் நெல்லைப் பேச்சை அவளும் திருப்பிக் கேலி செய்யலாம்.

நான் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து இங்கே வாழ வந்தவள். முதல் பொங்கலுக்குப் பானை பொங்கும்போது எல்லோரும் குலவை போட, நான் சும்மா நின்றேன். “மதினி வாய் திறந்தாத்தான் பொங்குமாம்” என்றார் கொழுந்தன். பக்கத்தில் நின்ற ஓரகத்தி என் காதில் ஒரு பதிலைப் போட்டார். நானும் அப்படியே சொன்னேன்: “குலவை எதுக்கு கொழுந்தனாரே, உங்க பசியைப் பார்த்தாலே பயந்து பொங்கிடும்.” முற்றமே சிரித்தது. அப்புறம் எனக்கு அந்த வீட்டில் கூச்சமே இல்லை.

உங்கள் மருமகளுக்கும் அப்படி ஒரு ஆள் வேண்டும், அது நீங்களாகவே இருங்கள். பொங்கலுக்கு முந்தின நாள் சிறுகிழங்கைச் சாக்கில் போட்டுத் தேய்த்துத் தோல் எடுக்கிற வேலையை இளைய மகனிடம் கொடுங்கள். ஒட்டிய தோலைப் பார்த்துச் சொல்லும் பொறுப்பு மதினிக்கு. பேச வேண்டியது அவளுக்குத் தானாக வந்துவிடும்.