நாயின் வலி – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

எங்கள் நாய்க்கு ஒன்பது வயது. முன்னங்காலில் மணிக்கட்டுக்குச் சற்று மேலே தோன்றிய வீக்கம் எலும்புப் புற்றுநோய் என்று சென்ற மாதம் தெரியவந்தது. காலை நீக்கிவிடலாம் என்றார் மருத்துவர். அவனை மூன்று காலோடு பார்க்க எங்களுக்கு மனம் வரவில்லை. தினமும் கொடுக்கும்படி மெலாக்சிகாம் என்ற வலிமருந்தை எழுதித் தந்திருக்கிறார். ஆனால் அவன் ஒருநாளும் முனகியதில்லை. வாலாட்டுகிறான், சாப்பிடுகிறான். அந்த மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்கிறார்கள். வலி தெரியும் நாட்களில் மட்டும் அதைக் கொடுத்துவிட்டு, வலுவான மருந்துகளைக் கடைசிக் காலத்துக்கு வைத்துக்கொள்ளலாமா?

எம்.

அன்புள்ள எம்.,

வைத்துக்கொள்ள வேண்டாம். மருத்துவர் சொன்னபடி தினமும் கொடுங்கள்.

முனகலும் அலறலும் பெரும்பாலும் திடீர் வலிக்கு உரியவை. வாரக்கணக்கில் நீடிக்கும் வலியை நாய் வேறு விதமாகக் காட்டும்: படுத்த இடத்தில் நிலைகொள்ளாமல் எழுந்து எழுந்து படுக்கும், இரவில் காரணமின்றி மூச்சிரைக்கும், படியருகே தயங்கி நிற்கும், ஒரே இடத்தை நக்கிக்கொண்டிருக்கும். அவன் நொண்டுகிறானா என்பதை நீங்கள் எழுதவில்லை. நொண்டினால் அதுவே வலிதான். வால் ஆடுவது உங்களைக் கண்ட மகிழ்ச்சியைச் சொல்கிறதே தவிர, காலின் நிலையைச் சொல்வதில்லை.

பூனைகள் இன்னும் அழுத்தமானவை. நெடுங்காலம் கால்நடை மருத்துவம் பார்த்த நானே, நாக்கின் அடியில் புற்றுநோய் வந்திருந்த என் பூனை மடியில் படுத்து, சுகமாக இருப்பதுபோல் குர்ரென்று ஒலியெழுப்பிக்கொண்டிருந்ததைக் கண்டு, பல் தொந்தரவுதான் என்று சில வாரங்களை வீணாக்கியிருக்கிறேன். வலியிலும் பூனை அப்படிக் குர்ரென்று ஒலியெழுப்பும். இன்று காதின் நிலை, கண் இடுங்குதல், மூக்குவாயின் இறுக்கம், மீசை, தலையின் நிலை ஆகிய ஐந்தையும் பார்த்துப் பூனையின் வலியை மதிப்பிடும் முகபாவ அளவுகோல் ஒன்று இருக்கிறது. மாண்ட்ரியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்டது. அன்று அது என் கையில் இல்லை.

எலும்புப் புற்றுநோயின் வலி ஒரே வலியன்று. கட்டியின் தூண்டுதலால் எலும்பைக் கரைக்கும் செல்கள் மிகையாக வேலை செய்கின்றன. எலும்பின் மேலுறையில் உள்ள நரம்புகள் இழுபட்டு நசுங்குகின்றன. அழற்சி அவற்றை மேலும் கூர்மையாக்குகிறது. இந்தச் சமிக்ஞை ஓயாமல் போய்க்கொண்டிருந்தால் தண்டுவடமே மாறிப்போய், சிறு தொடுகையையும் பெரு வலியாக உணரத் தொடங்கும். அந்த நிலைக்கு வந்த பிறகு வலியைத் தணிக்க அதிக மருந்து வேண்டும், பயனோ குறைவு. வலி தெரிந்த பிறகு கொடுக்காமல் கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்கச் சொல்வது இதனால்தான். மெலாக்சிகாம் அழற்சியை மட்டுமே தணிக்கும் என்பதால், நரம்பு வலிக்குக் கபாபென்டினும், தண்டுவடத்தின் மிகையுணர்வுக்கு அமன்டடினும் சேர்ப்பதுண்டு. எலும்பு கரைவதைக் குறைக்க ஜோலெட்ரோனிக் அமிலம் என்ற மருந்தை இரத்தக் குழாய் வழியாக ஏற்றலாம். கதிர்வீச்சு வசதி இருந்தால் சில முறை கொடுத்தாலே பல நாய்களுக்குச் சில மாதங்கள் நல்ல நிவாரணம் கிடைக்கும். டிரமடால் என்ற வலிமருந்தைப் பெரிதாக நம்ப வேண்டாம்: அதை வலிநிவாரணியாக மாற்றும் வேலையைப் பூனையின் உடல் நன்றாகச் செய்கிறது, நாயின் உடல் மிகக் குறைவாகவே செய்கிறது.

சிறுநீரகத்தைப் பற்றிய பயம் நியாயமானது. அதற்கான வழி இரத்தப் பரிசோதனை. தொடங்குமுன் ஒருமுறை, பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளிகளில். உணவோடு கொடுங்கள். வாந்தியோ கருநிற மலமோ கண்டாலும், அவன் உணவை மறுத்தாலும் மருந்தை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரை அழையுங்கள். ஸ்டீராய்டை இதனோடு சேர்க்கவே கூடாது. மனிதர்களின் மாத்திரைகளை நீங்களாக எடுத்துக் கொடுக்கவும் கூடாது. இபுப்ரோஃபென் நாயின் குடலைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் அழிக்கும், ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். மனிதர்களுக்கான கபாபென்டின் திரவத்தில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருக்கக்கூடும். அது நாய்க்கு நஞ்சு.

காலை நீக்குவதைப் பற்றி, நீங்கள் கேட்காவிட்டாலும், ஒன்று சொல்கிறேன். மனம் வராதது உங்களுக்கு. அவனுக்குத் தன் உருவத்தைப் பற்றிய கவலை கிடையாது. மற்ற கால்கள் நன்றாக இருந்தால் பெரும்பாலான நாய்கள் சில நாட்களிலேயே மூன்று காலில் நடக்கப் பழகிவிடுகின்றன. கண்டறியும்போதே பெரும்பாலும் நுரையீரலுக்கு நுண்ணிய அளவில் பரவியிருக்கும் நோய் இது என்பதால், அறுவையை மட்டும் செய்தால் சராசரியாக நான்கைந்து மாதங்களும், கீமோதெரபியும் சேர்ந்தால் பத்து முதல் பன்னிரண்டு மாதங்களுமே கிடைக்கும். ஆனால் அந்தக் காலில் இருந்த வலி அறுவையோடு போய்விடுகிறது; எந்த மாத்திரையும் அதைச் செய்வதில்லை. மருத்துவரிடம் இன்னொரு முறை பேசிப் பாருங்கள். அதுவரை ஓட்டமும் தாவலும் வேண்டாம்; அரித்துப்போன எலும்பு ஒரு சிறு குதிப்பில் முறிந்துவிடலாம்.

கடைசிக் காலம் எது என்பதை இப்போதிருந்தே குறித்து வாருங்கள். ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் வகுத்த அளவுகோலில் வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் மிகுந்திருப்பது என ஏழு இனங்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண். மொத்தம் 35ஐத் தாண்டினால் வாழ்க்கை இன்னும் தாங்கத்தக்கது என்று பொருள். வீட்டில் இருவர் தனித்தனியாகப் போட்டு ஒப்பிட்டுப் பாருங்கள், ஏனெனில் அதிகம் நேசிப்பவர் அதிகம் போட்டுவிடுவார்.

அடுத்த முறை மருத்துவரிடம் செல்லும்போது, வீட்டில் அவன் நடப்பதையும் படியேறுவதையும் கைபேசியில் படமெடுத்துக்கொண்டு போங்கள். மருத்துவமனையில் நுழைந்ததும் பதற்றத்தில் நாய்கள் நொண்டலை மறைத்து நடந்துவிடும்.