லினக்ஸ்ல இன்ஸ்டால் பண்ண சாப்ட்வேர் எங்க போச்சுன்னே தெரியல, எப்படிங்க ஓபன் பண்றது?

உபுண்டுல ஏப்ட்ங்கற இன்ஸ்டால் கமாண்டு வெச்சு இன்ஸ்டால் பண்ணேன், எரர் எதுவும் வரல, ஆனா மெனுவுல காணோம், பேரை டைப் பண்ணா கமாண்ட் நாட் பவுண்டுங்குதுன்னு கேட்டிருக்கீங்க. திரும்பத் திரும்ப இன்ஸ்டால் பண்ணாதீங்க. சாமான் உள்ளதான் இருக்குதுங்க, நீங்க கூப்புடற பேருதான் வேற.

நான் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில ஷிப்பிங் பாக்கறேன். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் எல்லாத்தையும் ஒரே பிடிஎஃப்பா சேர்த்து அனுப்போணும். பாப்ளர் யுட்டில்ஸ்னு ஒரு பேக்கேஜ் போட்டா ஆகும்னாங்க, போட்டேன், டெர்மினல்ல, அதாவது கமாண்டு அடிக்கற விண்டோல, பாப்ளர்னு அடிச்சா கமாண்டே இல்லைங்குது, மறுபடி போட்டா ஏற்கனவே புது வெர்ஷன் இருக்குதுங்குது, சாயங்காலம் வரைக்கும் இதேதான், பார்சல் வேற கெளம்போணும். கோபிக்கார அண்ணன் ஒருத்தரு பக்கத்து சீட்டுல இருந்து வந்து பாத்துட்டு, "அட்டைப்பெட்டி மேல ஸ்டைல் நம்பர் இருக்கும், அந்த நம்பர் போட்டா உள்ள பனியன் இருக்குது? பேக்கிங் லிஸ்ட்டப் பாரு கண்ணு"ன்னாரு.

அந்த பேக்கிங் லிஸ்ட்டுதான் டிபிகேஜி கமாண்டு. டிபிகேஜி, ஸ்பேஸ், மைனஸ், பெரிய எல், ஸ்பேஸ், பேக்கேஜ் பேரு. எல் கேப்பிடலா இருக்கோணும், சின்ன எல் போட்டா வேற வேலை செய்யும். அந்த பேக்கேஜ் உங்க சிஸ்டத்துல எந்தெந்த பைலை எங்கெங்க வெச்சுதுன்னு வரிசையா கொட்டும். நெம்ப நீளமா வந்தா பயப்படாதீங்க, /யூஎஸ்ஆர்/பின் கீழ என்ன இருக்குதுன்னு மட்டும் பாருங்க, அதுதான் நீங்க டைப் பண்ண வேண்டிய பேரு. எனக்கு அங்க பிடிஎஃப்யுனைட், பிடிஎஃப்டுடெக்ஸ்ட்னு ஒரு கூட்டமே இருந்துச்சு, பாப்ளர்னு ஒண்ணுகூட இல்லைங்க. பிடிஎஃப்யுனைட்னு அடிச்சு சேர்க்க வேண்டிய பைல் பேரெல்லாம் குடுத்து கடைசியா புது பைலுக்கு ஒரு பேரு குடுத்தேன், சேர்ந்துருச்சு. கடைசிப் பேருல மட்டும் சூதானமா இருங்க, பழைய பைல் பேரைக் குடுத்துட்டா அது மேலயே எழுதிப்போடும்.

இப்படி பேரு மாறறது நெறையா இருக்குதுங்க. பைலுக்குள்ள வார்த்தை தேடற ரிப்கிரெப் பேக்கேஜுக்கு கமாண்டு வெறும் ஆர்ஜி. பைலைத் தொறந்து காட்டற பேட்னு ஒண்ணு இருக்குது, டெபியன் உபுண்டுல அதை பேட்கேட்னு கூப்புடோணும்.

மெனுவுல வருமான்னும் அதே லிஸ்ட்டுலயே தெரிஞ்சுக்கலாம். /யூஎஸ்ஆர்/ஷேர்/அப்ளிகேஷன்ஸ் கீழ டாட் டெஸ்க்டாப்னு முடியற பைல் இருந்தா மெனுவுல வரும், வரலைன்னா ஒருதடவை லாக் அவுட் பண்ணி உள்ள வாங்க. அந்த பைல் இல்லைன்னா அது டெர்மினல்ல மட்டும் ஓடறது, மெனுவுல தேடறது வீண். ஸ்னாப், ஃப்ளாட்பேக்குங்கறது ஏப்ட் மாதிரியே இன்ஸ்டால் பண்ற வேற வழிங்க. ஸ்னாப்ல போட்டதுன்னா /ஸ்னாப்/பின்ல பாருங்க. ஃப்ளாட்பேக்னா ஃப்ளாட்பேக் லிஸ்ட்னு அடிச்சு அப்ளிகேஷன் ஐடிய எடுத்து ஃப்ளாட்பேக் ரன் போட்டு அது பின்னால குடுங்க.

நெட்ல இருந்து நீங்களே டவுன்லோட் பண்ண புரோகிராம்னா கதை வேறங்க. நிக்கற போல்டர்லயே பைல் இருந்தாலும் ஷெல், அதாவது நீங்க அடிக்கற கமாண்டை வாங்கி ஓட்டறது, அங்க தேடாது, பாத்ங்கற போல்டர் பட்டியல்ல எழுதியிருக்கற போல்டர்ல மட்டும்தான் தேடும். அதனால பேருக்கு முன்னாடி ./ போடோணும், அப்பவும் பர்மிஷன் டினைட்னு வந்தா சிஹெச்மாட், ஸ்பேஸ், பிளஸ் எக்ஸ், ஸ்பேஸ், பைல் பேருன்னு அடிச்சு ஓட்டறதுக்கு அனுமதி குடுத்துட்டு மறுபடி ஓட்டுங்க.

பேக்கேஜ் பேரு என்னன்னு கமெண்ட்ல போடுங்க, என்ன கமாண்டுன்னு பாத்து சொல்றேன்.