பெரியப்பாவின் ஸ்பிட்ஃபயர்: என்ஜினைக் கழற்றும் முன் அந்தத் தகட்டைத் தேடுங்கள்

கேள்வி: எனக்குக் காவேரிப்பட்டினம் பக்கம். மறைந்த பெரியப்பாவின் 1964 மாடல் ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர், இரண்டு பேர் உட்காரும் ஓபன் கார், மாந்தோப்பு ஷெட்டில் இருபது வருஷத்துக்கு மேலாக நிற்கிறது. சேலத்தில் பதிவான வண்டி. ஆர்.சி. புத்தகம் காணவில்லை, மங்கிய ஜெராக்ஸ் ஒன்றுதான் இருக்கிறது. என்ஜின் சுற்றவில்லை. "ஸ்பேர் கிடைக்காது, மாருதி ஆம்னி வேனின் என்ஜினைத் தூக்கி வைத்துவிடலாம்" என்கிறார் உள்ளூர் மெக்கானிக். பெங்களூரு புரோக்கர் ஒருவர், 1.75 லட்சம் கொடுத்தால் வின்டேஜ் நம்பர் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். வீட்டிலேயே வைத்துச் சரிசெய்ய ஆசை. முதலில் எதில் கை வைப்பது?

பதில்: இப்போதைக்கு எதிலும் வேண்டாம். கையில் ஒரு டார்ச்சும் போனும் போதும். ஸ்பிட்ஃபயரின் பானட் முன்பக்கமாகச் சாயும். அதைத் திறந்துவிட்டு, என்ஜினுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவில் உள்ள தகட்டுச் சுவரின் பக்கம் பாருங்கள். ரிவெட் அடித்த சின்னத் தகடு ஒன்று இருக்கும். அதில் அச்சடித்திருப்பதுதான் உங்கள் வண்டியின் சேசிஸ் எண். 1964 மாடல் என்றால் எஃப்.சி. என்ற எழுத்துகளில் தொடங்கும். என்ஜின் எண்ணைத் தனியாக பிளாக்கின் இடது பக்க விளிம்பில் பொறித்திருப்பார்கள். அதுவும் எஃப்.சி. என்றே தொடங்க வேண்டும். தூசியைத் துணியால் துடையுங்கள். கம்பி பிரஷ் ஆகாது. இரண்டையும் படமெடுத்து, ஜெராக்ஸில் உள்ள எண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அந்தத் தகட்டைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இன்றைய வண்டிகளில் சேசிஸ் எண் இரும்பிலேயே பொறித்திருக்கும், இன்ஸ்பெக்டர் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்துக்கொள்வார். அந்தக் காலத்து ட்ரையம்ப் வண்டியின் இரும்புச் சட்டத்தில், அதாவது சேசிஸில், எண் பொறிக்கும் வழக்கம் கிடையாது, தகடு மட்டும்தான். டிங்கர் வேலைக்கு விட்டால் பெயிண்டுக்கு இடைஞ்சல் என்று முதல் நாளே அதைப் பிடுங்கி ஓரமாகப் போட்டுவிடுவார்கள். பிறகு தேடினாலும் கிடைக்காது. அதைவிட மோசம், "சட்டத்தில் நம்பர் இல்லையே, நானே பஞ்ச் அடித்துத் தருகிறேன்" என்று ஒருவர் வந்து நிற்பார். அடிக்க விட்டால் அது போலி எண்ணாகிவிடும், பெரியப்பாவின் வண்டி திருட்டு வண்டி வரிசையில் போய் நிற்கும். இன்ஸ்பெக்டருக்குப் புரியவில்லை என்றால் புரியவைக்க வேண்டுமே தவிர, அவர் வசதிக்காக வண்டியில் எண்ணைப் பொறிக்கக் கூடாது. இங்கிலாந்தில் கேய்டன் என்ற ஊரில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம், ட்ரையம்ப் ஆலையின் தயாரிப்புப் பதிவேடுகளைப் பார்த்துச் சான்றிதழ் தருகிறது. சேசிஸ் எண்ணைக் கொடுத்துக் கட்டணம் கட்டினால் என்ஜின் எண்ணும் அசல் நிறமும் அதில் வந்துவிடும். கவுன்ட்டரில் எடுத்து வைக்க அதைவிட நல்ல காகிதம் இல்லை.

இன்னொன்றையும் கையோடு பார்த்துவிடுங்கள். சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் 1961 முதல் தயாரித்த ஹெரால்டு கார், ஸ்பிட்ஃபயருக்குப் பங்காளி முறை. கூரையை அறுத்துவிட்டு ஹெரால்டையே ஸ்போர்ட்ஸ் கார் என்று விற்றவர்கள் உண்டு. முன் சக்கரத்தின் நடுவிலிருந்து பின் சக்கரத்தின் நடுவரை டேப் வைத்து அளந்தால் தெரிந்துவிடும். ஸ்பிட்ஃபயர் 83 அங்குலம், ஹெரால்டு 91.5 அங்குலம். ஹெரால்டாக இருந்தால் இந்தப் பதிலில் பாதி உங்களுக்குப் பொருந்தாது. கூரை அறுத்த வண்டிக்கு வின்டேஜ் அந்தஸ்தும் கிடைக்காது.

மெக்கானிக் சொல்லும் ஆம்னி என்ஜினுக்கு என் பதில் வேண்டவே வேண்டாம் என்பதுதான். ஸ்பேர் கிடைக்காது என்பது உண்மையில்லை. இந்த 1147 சிசி என்ஜினுக்கு பிஸ்டன், பேரிங், கேஸ்கட் எல்லாம் இங்கிலாந்தில் இன்றைக்கும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். கிராங்க் கிரைண்டிங், போரிங் வேலைக்கு ஓசூர் வரை போனால் போதும், நல்ல கைகள் இருக்கின்றன. வேறு என்ஜின் ஏறியது என்றால் ஆர்.சி.யோடு எண் ஒத்துப்போகாது, விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் அதைத்தான் கேட்பார், வின்டேஜ் பதிவும் கைவிட்டுப் போகும். அதற்கான விதி, சேசிஸிலோ பாடியிலோ என்ஜினிலோ மாற்றம் செய்யாமல் அசல் வடிவில் இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது.

புரோக்கர் விஷயத்துக்கு வருகிறேன். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஜூலையில் வின்டேஜ் வண்டிகளுக்கென்று தனிப் பகுதி சேர்த்தார்கள். முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டியிருக்க வேண்டும். விண்ணப்பம் படிவம் 20, கூடவே இன்சூரன்ஸும் பழைய ஆர்.சி.யும் வேண்டும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பதிவு 10 வருஷம் செல்லும். விண்ணப்பித்த 60 நாளுக்குள் ஆர்.சி. தர வேண்டும். புரோக்கர் கேட்கும் மிச்சம் 1.55 லட்சம் எதற்கு என்று அவரையே கேளுங்கள். "உள்ளே கொடுக்க வேண்டும்" என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ஆர்.சி. இல்லாத வண்டிக்கு இவர்கள் இறக்குமதிக்கான சுங்கக் காகிதத்தையே புதிதாக அச்சடித்து வருவார்கள். போலி என்று தெரியும் நாளில் கம்பி எண்ணப் போவது புரோக்கர் அல்ல, உரிமையாளர்.

இதில் யாரும் சொல்லாத ஒரு சங்கதி உண்டு, நிதானமாகப் படியுங்கள். வின்டேஜ் பதிவு கட்டாயம் இல்லை. ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம் என்று அதே விதி சொல்கிறது. வி.ஏ. என்ற புது வரிசை, புதிதாகப் பதிவு செய்யும் வண்டிக்குத்தான். சேலத்துப் பழைய நம்பர் பிளேட்டைக் கழற்றச் சொல்லி யார் அவசரப்படுத்தினாலும் கேட்காதீர்கள். அடுத்தது, வின்டேஜ் பதிவு ஆகிவிட்டால் அன்றாட ஓட்டத்துக்கு எடுக்க முடியாது. கண்காட்சி, ரேலி, ஆராய்ச்சி, பெட்ரோல் போட, பழுதுபார்க்க, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கே.ஆர்.பி. அணைக்குப் போய்வருவது அந்தப் பட்டியலில் இல்லை. அப்படி ஓட்ட ஆசை என்றால் சாதாரணப் பதிவைப் புதுப்பிக்கும் வழிதான். அங்கே இன்னொரு இடி விழும். 2025 ஆகஸ்டில் கட்டணத்தை ஏற்றிவிட்டார்கள். 20 வருஷம் தாண்டிய உள்நாட்டுக் காருக்கு 10,000 ரூபாய், இறக்குமதிக் காருக்கு 80,000. உங்களுடையது இங்கிலாந்து வண்டி, இறக்குமதிக் கணக்கில்தான் வரும். அதுவும் 5 வருஷத்துக்கு ஒருமுறை. மாதத்தில் ஒரு நாள் வெளியே வரும் வண்டிக்கு 80,000 கேட்கிற அரசுக்கு, அதே வண்டியின் பழைய பதிவேட்டை எடுத்துக் காட்டத் தெரியவில்லை. எனக்கு ஆற்றாமை அதில்தான். உங்கள் நிலையில், வண்டி அசலாக இருக்கும் பட்சத்தில், வின்டேஜ் வழியே நல்லது. அதற்குப் போனாலும் பழைய எண்ணைத் தக்கவைக்கக் கேட்டு எழுத்தில் கொடுங்கள், எழுத்திலேயே பதில் வாங்குங்கள்.

அதற்கு முன் பழைய ஆர்.சி. வேண்டும். 1964-இல் உங்கள் ஊர் சேலம் மாவட்டம். 1965-இல் தருமபுரி பிரிந்தது, 2004-இல் கிருஷ்ணகிரி. பதிவேடு எங்கே இருக்கிறது என்று கேட்டால் மூன்று அலுவலகமும் அடுத்த அலுவலகத்தைக் கை காட்டும். நடையாய் நடக்காதீர்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மூன்று இடத்துக்கும் தனித்தனியாகப் பதிவுத் தபாலில் மனு போடுங்கள். வண்டி எண், சேசிஸ் எண், பெரியப்பா பெயர் எழுதி, பதிவேட்டு நகல் கேளுங்கள். 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். "இல்லை" என்ற பதிலும் பயன்படும், அடுத்த மேல்முறையீட்டுக்கு அதுவே ஆதாரம். இடையில் போலீஸ் இணையதளத்தில் ஆர்.சி. தொலைந்ததாகப் பதிந்து ரசீது எடுங்கள். டூப்ளிகேட் ஆர்.சி.க்குப் படிவம் 26, வாரிசு பெயருக்கு மாற்றப் படிவம் 31. பெரியப்பா பிள்ளைகள் இருந்தால் அவர்கள் கையெழுத்தை இப்போதே வாங்கிவிடுங்கள். வண்டி பளபளத்த பிறகு கேட்டால் குரல் மாறும்.

காகிதம் நகரும் காலத்தில் வீட்டில் செய்ய வேலை நிறைய உண்டு. என்ஜின் இறுகியிருக்கிறது என்றால் டிராக்டரில் கட்டி இழுத்து ஸ்டார்ட் செய்யப் பார்க்காதீர்கள், கனெக்டிங் ராடு வளைந்துவிடும். நான்கு பிளக்கையும் கழற்றி, டீசலும் என்ஜின் ஆயிலும் கலந்து ஒவ்வொரு ஓட்டையிலும் கொஞ்சம் விட்டு ஊற வையுங்கள். ஒரு வாரம் கழித்து, கியர் நியூட்ரலில், கிராங்க் புல்லி நட்டில் ஸ்பானர் போட்டு முன்னும் பின்னும் மெல்ல அசையுங்கள். பெரும்பாலும் இளகிவிடும். ஸ்பானர் இன்ச் அளவாக இருக்கட்டும். மில்லிமீட்டர் ஸ்பானர் நட்டின் முனையை மழுங்கடித்துவிடும், மில்லிமீட்டர் போல்ட் மரையையே கெடுத்துவிடும்.

கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டித் தகடு, சில் என்பார்கள், துரு முதலில் அங்கேதான் பிடிக்கும். ஹெரால்டில் அது வெறும் மூடி. ஸ்பிட்ஃபயரில் வண்டியின் பலமே அதில்தான் இருக்கிறது, பக்கவாட்டில் சட்டம் கிடையாது. டிங்கர் இரண்டு பக்கத்தையும் ஒரே நாளில் அறுத்தால் நடு உடம்பு தொய்ந்துவிடும், பிறகு கதவு மூடவே மூடாது. பாடியைச் சேசிஸிலிருந்து இறக்காமல், கதவு இடைவெளியில் குறுக்குக் கம்பி வெல்டு வைத்து, ஒரு பக்கம் முடித்த பிறகு மறுபக்கம். இதற்கு மட்டும் அனுபவமுள்ள வெல்டரைக் கூப்பிட்டு, பக்கத்திலேயே நில்லுங்கள். ஓட்டையைப் பட்டி வைத்து அடைத்தால் அடுத்த மழைக்கே தெரியும்.

முன் சக்கரத்தின் அடியில் பித்தளைத் துண்டு ஒன்றில் ஸ்டீல் தண்டு மரையோடு இறங்கியிருக்கும், ட்ரனியன் என்று பெயர். நம் ஊர் மெக்கானிக் கிங் பின் மாதிரி நினைத்துக் கிரீஸ் அடிப்பார். அதற்குக் கிரீஸ் கூடாது, 90 நம்பர் கியர் ஆயில்தான். கிரீஸ் உள்ளே கட்டிப்போய், தண்டு வறண்டு துருவேறி ஒரு நாள் ஒடியும். ஓடும்போது ஒடிந்தால் சக்கரம் உள்ளே மடங்கிவிடும். வண்டியைக் கிளப்பும் முன் இரண்டு பக்கமும் கழற்றித் தண்டின் மரையைப் பாருங்கள், குழி விழுந்திருந்தால் புதிதாகப் போடுங்கள்.

பேட்டரி மாட்டும்போது ஒரு வார்த்தை. இந்த மாடலில் பாடியோடு சேர்வது பாசிட்டிவ் வயர். யாராவது இடையில் மாற்றியிருக்கிறார்களா என்று பார்க்காமல் பேட்டரிக் கடைப் பையனை மாட்ட விடாதீர்கள். பெட்ரோல் ரப்பர் குழாய்கள் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் வகையாக மாற்றுங்கள். இப்போது பங்கில் வருவது 20 சதவீத எத்தனால், பழைய ரப்பரைத் தின்றுவிடும். சூடான சைலன்சர் மேல் சொட்டினால் தீதான். ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றாதீர்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துப் போர் தண்ணீரும் சட்டியில் காய்ச்சினாலே உப்புப் படியும், ரேடியேட்டரின் மெல்லிய குழாய்கள் அடைபட அதிக நாள் ஆகாது. கூலன்ட்டோடு டிஸ்டில்டு வாட்டர்.

பிரேக் சிலிண்டர், குழாய்கள், முன் டிஸ்க் காலிப்பர் எல்லாம் புதுப்பித்து, இன்சூரன்ஸ் கையில் வந்த பிறகுதான் முதல் ஓட்டம். அதுவும் தோப்புக்குள்ளேயே, முதல் கியரில், நாலைந்து தடவை நிறுத்திப் பார்த்து. தொப்பூர் கணவாய் இறக்கத்துக்கு இந்த வருஷம் போக வேண்டாம்.