சூப்பர்ஹீரோ நூல்களைப் பொது வாசகரிடம் விற்பது: சில கேள்விகள், சில பதில்கள்

கேள்வி: எங்கள் புத்தகக் கடையில் சூப்பர்ஹீரோ கிராஃபிக் நாவல்களுக்கென்று, அதாவது நூல் வடிவச் சித்திரக்கதைகளுக்கென்று, தனி அலமாரி இருக்கிறது. ரசிகர்கள் தேடி வந்து வாங்குகிறார்கள்; மற்றவர்கள் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. என்ன செய்யலாம்?

பதில்: பொது வாசகர் ஒதுங்கிப் போவதற்கு முகமூடியும் மேலங்கியும் காரணமல்ல, எங்கே தொடங்குவது என்று தெரியாததே காரணம். ஒரே நாயகனின் பெயரில் பத்துப் பதினைந்து தொகுதிகள் நிற்க, அவற்றில் ‘தொகுதி 1’ என்று மூன்று நூல்கள் இருந்தால், எடுத்ததை அப்படியே வைத்துவிட்டு நகர்வதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. எனவே ஒரே நூலில் முடிந்துவிடும் கதைகளைத் தனியே பிரித்து, முன்னட்டை தெரியும்படி வையுங்கள். பன்னிரண்டு இதழ்களாக வெளிவந்து 1987இல் ஒரே நூலாகத் தொகுக்கப்பட்ட ‘வாட்ச்மென்’ பொதுக் கடைகளில் நிலைத்துவிட்டதற்கு, முன்கதை எதுவும் தெரியாமலேயே அதைப் படித்து முடிக்கலாம் என்பது முக்கியமான காரணம் என்பேன்.

அடுத்தபடியாக, அலமாரியையே மறந்துவிடுங்கள். நான்கு இதழ்களில் முடிந்த ‘பேட்மேன்: இயர் ஒன்’ கதையில் சரிபாதி, ஊழல் மலிந்த காவல்துறையில் நேர்மையாக இருக்கப் பாடுபடும் கார்டன் என்ற அதிகாரியைப் பற்றியது. அதன் ஒரு பிரதியைக் குற்றப் புனைவு மேசையில் வைத்தால், அது போய்ச் சேர வேண்டிய வாசகர் அங்கேதான் நின்றுகொண்டிருப்பார்.

கேள்வி: பின்னட்டை வாசகம் எப்படி இருக்க வேண்டும்?

பதில்: ‘இன்ன இதழ் முதல் இன்ன இதழ் வரை அடங்கியது’ என்ற வரி சேகரிப்பாளருக்கு உரியது, அதை உள்பக்கத்துக்கு மாற்றுங்கள். (பதிப்பாளர்களுக்கு இதில் ஏனோ மனம் வருவதில்லை.) 2014இல் தொடங்கிய, முதல் தொகுதிக்கு 2015இல் ஹியூகோ விருது (அறிவியல் புனைவு, மிகுபுனைவுப் படைப்புகளுக்கான விருது) பெற்ற ‘மிஸ் மார்வெல்’ தொடரை எடுத்துக்கொள்வோம். ‘மார்வெல் உலகின் புதிய நாயகி’ என்பது ஏற்கெனவே ரசிகராக இருப்பவரை மட்டுமே அழைக்கும். ‘வீட்டின் கட்டுப்பாட்டுக்கும் தோழிகளின் உலகத்துக்கும் நடுவே தவிக்கும் பதினாறு வயதுப் பெண்ணுக்குத் திடீரென உருமாறும் சக்தி கிடைக்கிறது’ என்றால், இளையோர் நாவல் படிக்கும் எவரும் நூலைப் புரட்டிப் பார்ப்பார்.

கேள்வி: நூலின் அளவு விற்பனையைப் பாதிக்குமா?

பதில்: பாதிக்கும். பேட்மேன் கதைகளை வெளியிடும் டிசி நிறுவனம் 2024இல் தன் புகழ்பெற்ற கதைகளை நாவல் அளவில், குறைந்த விலையில் வெளியிடத் தொடங்கியது இதை உணர்ந்துதான். சித்திரம் சுருங்குவது இழப்பே; ஆனால் முதல்முறை வாங்குபவர் அதைப் பொருட்படுத்த மாட்டார்.

கேள்வி: திரைப்படம் வெளியாகும்போது நிறைய பிரதிகள் வாங்கி வைக்கலாமா?

பதில்: படத்தின் கதை பெரும்பாலும் எந்த ஒரு நூலிலும் அப்படியே இருக்காது, ஆதலால் நாயகனின் எல்லா நூல்களையும் குவிக்காமல், படத்தின் கதைக்கு நெருக்கமான ஒன்றிரண்டை மட்டும் வாங்கி, ‘படம் பார்த்தவர்கள் இதில் தொடங்கலாம்’ என்று ஓர் அட்டை எழுதி வையுங்கள். காமிக்ஸ் கடைகளுக்கான விநியோகத்தில் விற்காத பிரதிகளைத் திருப்பித் தர இயலாது என்பதே பொதுவான வழக்கம். புத்தகக் கடை விநியோகத்தில் பெரும்பாலும் தரலாம். வாங்கும் முன் அந்த நிபந்தனையையும் அதற்கான கெடுவையும் எழுத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.