குறுக்கு வழியில் போயும் பெட்ரோல் ஏன் மிச்சமாகவில்லை?

கேள்வி: அலுவலகத்துக்கு ஊருக்குள்ளேயே போனால் 9 கி.மீ.; பைபாஸில் சுற்றினால் 11 கி.மீ. தூரம் குறைவு என்று ஊருக்குள்தான் காரை ஓட்டுகிறேன். பெட்ரோல் செலவு குறையவே இல்லை. எந்த வழி சரி?

பதில்: தூரத்தை விட்டுவிட்டு, வழியில் எத்தனை இடத்தில் கார் முழுசாக நிற்கிறது என்று ஒரு நாள் எண்ணிப் பாருங்கள். 1,200 கிலோ எடையுள்ள காரை நின்ற நிலையிலிருந்து 50 கி.மீ. வேகத்துக்குக் கொண்டுபோக ஏறக்குறைய 15 மில்லி பெட்ரோல் எரிகிறது. அடுத்த சிக்னலில் பிரேக்கை மிதித்ததும் அந்த ஆற்றல் முழுக்கப் பிரேக்கில் சூடாகி வீணாகிவிடும். லிட்டருக்கு 20 கி.மீ. தரும் கார் அதே 15 மில்லியில் சீராக 300 மீட்டர் ஓடியிருக்கும். என்ஜினை அணைக்காமல் நிற்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் இன்னொரு 10 மில்லி போகும், ஏ.சி. ஓடினால் இன்னும் கூடும். ஆக, ஒரு நிமிடம் நிறுத்திவைக்கும் சிக்னல் ஒவ்வொன்றும் அரை கிலோமீட்டருக்குச் சமம். பைபாஸில் அப்படி நான்கு சிக்னல் குறைந்தாலே கூடுதல் 2 கி.மீ. ஈடாகிவிடும்.

சாலை காலியாக இருக்கிறதே என்று 100-ல் பறந்தால் மட்டும் மிச்சம் பிடித்தது கரைந்துவிடும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவது. 80-லிருந்து 100-க்குப் போனால் அது ஒன்றரை மடங்கைத் தாண்டும். 60, 70-ல் டாப் கியரில் சீராகப் போங்கள்.

இரண்டு வழியிலும் தலா ஒரு வாரம், ஒரே நேரத்துக்குக் கிளம்பி ஓட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள். பலரும் சறுக்குவது அதற்குப் பிறகுதான். காரின் திரையில் மைலேஜ் (லிட்டருக்கு எத்தனை கி.மீ.) ஊருக்குள் 14, பைபாஸில் 16 என்று வந்தால் பைபாஸ் ஜெயித்துவிட்டதாக நினைப்பார்கள். வகுத்துப் பாருங்கள்: 9-ஐ 14-ஆல் வகுத்தால் 640 மில்லி, 11-ஐ 16-ஆல் வகுத்தால் 690 மில்லி. மைலேஜ் ஏறியும் பெட்ரோல் கூடத்தான் செலவாகியிருக்கிறது! உங்கள் தூரங்களுக்கு, ஊருக்குள் 14 கிடைக்கிறது என்றால் பைபாஸில் 17-க்கு மேல் கிடைத்தால்தான் லாபம். பார்க்க வேண்டியது ஒரு நடைக்கு எத்தனை மில்லி என்பதை.

கேள்வி: இந்தக் கணக்கு பைக்குக்கும் பொருந்துமா?

பதில்: அதே அளவில் பொருந்தாது. ஆளோடு சேர்த்து 180 கிலோ இருக்கும் சின்ன பைக், ஒரு தடவை நின்று கிளம்ப 2 முதல் 3 மில்லிதான் கேட்கும். தூரத்தில் சொன்னால் 100 மீட்டருக்குச் சற்று மேல். எனவே பைக்குக்குப் பெரும்பாலும் குறைந்த தூர வழியே நல்லது, நெரிசலில் முதல் கியரிலேயே ஊர்ந்துபோக வேண்டிய தெருவாக இல்லாதவரை. அரை கிளட்சில் ஊரும்போது பெட்ரோலும் போகும், கிளட்ச் தட்டும் தேயும்.

கேள்வி: மார்க்கெட், வங்கி, மருந்துக்கடை, தையல்கடை எல்லாவற்றுக்கும் தனித்தனியாகக் காரை எடுக்க வேண்டியிருக்கிறது. சேர்த்துப் போனால் எந்த வரிசையில் போகலாம்?

பதில்: சேர்த்துப் போவதே முதல் லாபம். ஆறிப்போன என்ஜினுக்குக் காரின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூடுதலாகத்தான் ஊட்டும். ஆயிலும் கெட்டியாக இருக்கும். வெப்பமானி முள் நடுவுக்கு வந்த பிறகும் ஆயில் முழுசாகச் சூடேற இன்னும் சில கிலோமீட்டர் ஆகும். 2 கி.மீ. போய் அணைத்து, மறுபடி மாலையில் 2 கி.மீ. போனால் ஒவ்வொரு தடவையும் இந்த வீண்செலவைக் கட்டுகிறீர்கள். போதாக்குறைக்கு, எரியாத பெட்ரோலும் ஈரமும் ஆயிலில் இறங்கி அதையும் கெடுக்கும்.

வரிசைக்கு வருவோம். பக்கத்துக் கடையில் தொடங்காதீர்கள். தூரத்தில் இருப்பதற்கு முதலில் போங்கள். அந்த நீண்ட ஓட்டத்தில் என்ஜின் சூடேறிவிடும். திரும்பும் வழியில் மற்ற இடங்களில் சிறிது நேரம் நிறுத்தி எடுத்தாலும் சூடு இறங்காது. ஒரு தாளில் வீட்டையும் போக வேண்டிய இடங்களையும் புள்ளி வைத்து, போகும் வரிசையில் கோடு இழுங்கள். கோடுகள் ஒன்றையொன்று வெட்டினால் பெரும்பாலும் வரிசை தப்பு. வெட்டாதபடி மாற்றினால் தூரம் குறையும். எதிரே வரும் வண்டிகளுக்காகக் காத்திருந்து குறுக்கே திரும்ப வேண்டிய திருப்பங்கள் குறையும் பக்கமாகச் சுற்றுங்கள். வங்கி மாதிரி நேரம் பார்த்து மூடும் இடத்தை மட்டும் இந்த விதிக்குள் அடைக்க வேண்டாம். கனமான மூட்டைகளும் கெட்டுப்போகும் பொருள்களும் கடைசியில். அடுத்தடுத்த இரண்டு கடைக்கு ஒரே இடத்தில் நிறுத்திவிட்டு நடப்பது எப்போதும் நல்லது.

கேள்வி: எரிபொருள் மிச்சமாகும் என்று கூகுள் மேப்ஸ் சில வழிகளுக்குப் பச்சை இலைக் குறி போடுகிறது. நம்பலாமா?

பதில்: நம்பலாம், செட்டிங்ஸில் உங்கள் என்ஜின் வகையைத் தேர்ந்தெடுத்திருந்தால். ஹைபிரிட்டும் மின்சாரக் காரும் பிரேக் பிடிக்கையில் ஆற்றலில் ஒரு பங்கைத் திரும்பப் பிடிப்பதால் நின்று நின்று போவது அவற்றை அவ்வளவாகப் பாதிக்காது. டீசல் காருக்கு வேறு வழி சிக்கனமாக இருக்கலாம். மேடு பள்ளத்தையும் ஆப் கணக்கில் எடுக்கும். அது முக்கியம்: மேலே சொன்ன காரை 100 மீட்டர் உயரம் ஏற்ற சுமார் 150 மில்லி கூடுதலாக வேண்டும், அதாவது சமதளத்தில் 3 கி.மீ. ஓட்டம். அதோடு, கிளம்பும் நேரத்தை மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். 20 நிமிடம் முன்னால் கிளம்பினால் பயணம் கால் மணி நேரம் சுருங்கும் சாலைகளில், வழியை மாற்றுவதைவிட நேரத்தை மாற்றுவதே மேல்.

கேள்வி: இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் மிச்சமாகுமா?

பதில்: செய்யவே வேண்டாம். கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்ஷன் வண்டியில் கியரை விடாமல் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், பெட்ரோல் பாய்வதையே கம்ப்யூட்டர் நிறுத்திவிடும். சக்கரங்களே என்ஜினைச் சுழற்றும். நியூட்ரலில் போட்டால் என்ஜின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் எரிந்துகொண்டே இருக்கும். என்ஜின் பிடிப்பும் போய், முழுப் பாரமும் பிரேக் மேல் விழும். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போவது அதனால்தான். ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.