ஐஎஃப்டி88 இரண்டு முறை தோன்றியதா?

குற்றிழையை (செல்லிலிருந்து நீட்டியிருக்கும் மயிர் போன்ற உறுப்பை) கட்ட உதவும் ஐஎஃப்டி88 மரபணு, எந்த உயிரியில் எது உண்டு என்று நீங்கள் போட்ட அட்டவணைப்படி, மனிதனிலும் கிளாமிடோமோனஸ் என்ற ஒற்றைச்செல் பாசியிலும் உண்டு; அராபிடாப்சிஸ் என்ற சிறு பூக்கும் செடியில் இல்லை, ஈஸ்ட்டில் சந்தேகம். அப்படியென்றால் அது இரண்டு முறை தனித்தனியாகத் தோன்றியதா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. யூகாரியோட்டுகளின் (செல்லுக்குள் உட்கரு உள்ள உயிரிகளின்) பொது மூதாதைக்கே குற்றிழை இருந்தது. பிறகு பல கிளைகள் தனித்தனியாக அதைத் தொலைத்தன. பூஞ்சைகளில் கைட்ரிட்கள் என்ற பிரிவு இன்னும் குற்றிழையால் நீந்தும் வித்துகளை வெளியிடுகிறது, ஈஸ்ட் குற்றிழையைத் தொலைத்துவிட்டது. தாவரங்களிலும் இதே கதைதான்: பெரணி, சைக்கஸ், ஜின்கோ விந்தணுக்களுக்குக் குற்றிழை உண்டு, பூக்கும் தாவரங்களுக்கு இல்லை. இழை போனால் அதைக் கட்டும் மரபணுக்களும் நாளடைவில் போய்விடும். 2004-இல் மனிதனிலும் கிளாமிடோமோனஸிலும் இருந்து அராபிடாப்சிஸில் இல்லாத மரபணுக்களைச் சலித்துத்தான் குற்றிழைக் கோளாறு நோய் ஒன்றின் மரபணுவான பிபிஎஸ்5-ஐப் பிடித்தார்கள்.

உங்கள் அட்டவணையில் மலேரியா ஒட்டுண்ணியான பிளாஸ்மோடியத்துக்கு 'குற்றிழை இல்லை' என்று போட்டிருப்பதுதான் இடிக்கிறது. அதன் ஆண் பாலணுவுக்கு இழை உண்டு. சைட்டோபிளாசத்துக்குள்ளேயே கட்டி முடித்துவிடுவதால் ஐஎஃப்டி (குற்றிழைக்குள் கட்டுமானப் பொருள்களை ஏற்றிச் செல்லும் முறை) தேவைப்படவில்லை, அவ்வளவுதான். ஆக, மரபணு இல்லை என்பதை வைத்து உறுப்பும் இல்லை என்று எழுதிவிடாதீர்கள்.

அப்புறம், ஈஸ்ட்டில் வந்த அந்தப் பலவீனமான பிளாஸ்ட் (ஒத்த மரபணு, புரத வரிசைகளைத் தேடும் மென்பொருள்) பொருத்தம். ஐஎஃப்டி88-இல் டிபிஆர் பகுதிகள் (பல புரதங்களில் திரும்பத் திரும்ப வரும் ஒரு வரிசை) நிறைய. சம்பந்தமே இல்லாத டிபிஆர் புரதங்களும் ஒட்டிக்கொண்டு வரும். கிடைத்த புரதத்தைத் திருப்பி மனிதப் புரதங்களில் தேடுங்கள். ஐஎஃப்டி88 முதலில் வரவில்லையென்றால் தள்ளிவிடலாம்.